யூத வீட்டில் பராமரிப்புப் பணி: ஓய்வுநாளில் பாட்டி ஏன் எதையும் கேட்பதில்லை?

நாஞ்சில் செவிலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். எருசலேமில் ஒரு மூதாட்டியின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரித்துவருகிறேன். வாக்கர் இல்லாமல் அவரால் நடக்க முடியாது என்றாலும் நினைவும் பேச்சும் தெளிவாக இருக்கின்றன. யூத சமயச் சட்டத்தை எள்ளளவும் பிசகாமல் கடைப்பிடிக்கும் குடும்பம் அது. என்மேல் பாட்டிக்கு மிகுந்த பிரியம் உண்டு. ஆனால் ஓய்வுநாளில், அதாவது வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை அவர் நடந்துகொள்ளும் முறையில் எனக்கு விளங்காதவை சில இருக்கின்றன. அவரிடமே கேட்கும் அளவுக்கு எனக்கு எபிரேயம் போதாது.

குளிர்காலத்தில் ஒரு வெள்ளி இரவு, டைமரில் ஏதோ கோளாறு ஏற்பட்டுக் கூடத்து விளக்கு நேரத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. பாட்டி மடியில் ஜெபப் புத்தகத்தை விரித்துவைத்தபடி இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகப் போய் விளக்கைப் போட்டேன். அவர் உடனே புத்தகத்தை மூடினார், என் கையைத் தட்டிக்கொடுத்தார், மெதுவாக எழுந்து படுக்கையறைக்குப் போய்விட்டார். பிறகொரு வெள்ளி இரவில் நான் சாப்பிடுவதற்காகச் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். அவரே வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, அதே புத்தகத்தை எடுத்து நிம்மதியாகப் படிக்கத் தொடங்கினார். இரண்டு முறையும் விளக்கைப் போட்டது என் கைதான். ஒன்று ஆகாது, மற்றொன்று ஆகும் என்றால் அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது?

சமையலிலும் ஒரு கேள்வி உண்டு. தினமும் காலையில் பாட்டியை அடுப்பருகே அழைத்துவந்து அவர் கையால் பற்றவைக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய மகளின் கண்டிப்பான அறிவுரை. அதன்பின் முழுச் சமையலையும் நானே செய்யலாம். இதற்கு முன் நான் வேலை பார்த்த, மொராக்கோவிலிருந்து வந்த குடும்பத்தில் அது போதவில்லை. பாத்திரத்தையே அவர்கள்தான் அடுப்பில் வைத்தார்கள். இரண்டு குடும்பமும் கோஷர் என்னும் யூத உணவு விதிகளைப் பார்ப்பவை என்னும்போது வழக்கம் மட்டும் ஏன் மாறுகிறது? அதோடு, ஒருமுறை வெள்ளிக்கிழமை விருந்தில் நான் திராட்சை ரசம் ஊற்றப்போனபோது மகள் பதறிப்போய்ப் புட்டியை வாங்கிக்கொண்டார். அவர் மன்னிப்புக் கேட்டார் என்றாலும் காரணத்தைச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. ஓய்வுநாளில் பாட்டி கீழே விழுந்துவிட்டால் நான் தொலைபேசியை எடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மட்டுநகரான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். நெடுங்காலமாக இஸ்ரேலின் ப்னே ப்ராக் நகரில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு யோசிக்கவே இடமில்லை. பாட்டி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ, மூச்சுத் திணறினாலோ, அந்த நொடியே 101 என்ற எண்ணை அழையுங்கள். அது மாகென் டேவிட் ஆடோம் மருத்துவ ஊர்தி சேவை. 1221 என்ற எண்ணில் ஹட்ஸாலா என்னும் அவசர உதவி அமைப்பின் தொண்டர்கள் கிடைப்பார்கள். இவர்களில் பலர் மிகக் கடுமையாகச் சமயம் பார்ப்பவர்கள், ஆனாலும் ஓய்வுநாளிலேயே தொலைபேசியை எடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிடுவார்கள். நீங்கள் யூதர் அல்ல என்பதால் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற ஐயம் வந்துவிட்டால் அவர்களுக்கும் தடை கிடையாது.

மற்றவற்றில் பெரும்பகுதியை வெள்ளிக்கிழமை மதியமே தீர்த்துவிடலாம் என்பது என் அனுபவம். எருசலேமில் சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் என்பதால், மற்ற ஊர்களில் இருப்பவர்களைவிட உங்களுக்கு நேரம் குறைவு. அங்கே ஒலிக்கும் சங்கொலி அதற்குத்தான். அதற்குள் ப்ளாட்டா எனப்படும் சூட்டுத்தட்டு மின் இணைப்பில் இருக்க வேண்டும், உணவு வெந்து அதன்மேல் இருக்க வேண்டும், வெந்நீர்க் கலம் கொதித்து முடிந்திருக்க வேண்டும். கழிவறைத் தாள் கிழித்து அடுக்கப்பட்டிருக்கிறதா, குளிர்பெட்டிக்குள் இருக்கும் விளக்கு கழற்றப்பட்டிருக்கிறதா, டைமர் கோடை நேரத்துக்கா குளிர்கால நேரத்துக்கா வைக்கப்பட்டிருக்கிறது, இரவு மாத்திரைகள் தாளிலிருந்து பிரித்துச் சிறு கிண்ணத்தில் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நான் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் பாட்டியின் விளக்குப் பிரச்சினைக்கு ஷப்பாத் (ஓய்வுநாள்) விளக்கு என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் விளக்கு ஓய்வுநாள் முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும். மேலே உள்ள மூடியைத் திருப்பி வெளிச்சத்தை மறைக்கலாம், திறக்கலாம். மின்சாரத்தைத் தொடாததால் அதைப் பாட்டியே தம் கையால் செய்துகொள்ளலாம். மகளிடம் சொல்லி ஒன்று வாங்கிவைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

விளக்கு பற்றிய சட்ட நுணுக்கத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் இந்தக் குழுவில் இருக்கிறார். அவர் எழுதுவார் என்று நம்புகிறேன்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

யூதச் சட்ட நூல்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் யூதனும் அல்லன், ரப்பி எனப்படும் யூத சமய குருவும் அல்லன். ஆகவே நூல்களில் இருப்பதைச் சொல்வேனே தவிர, அந்த வீட்டில் இன்னது செய்யலாம் என்று தீர்ப்புக் கூற மாட்டேன். அதைக் கூற வேண்டியவர் அந்தக் குடும்பத்தின் ரப்பி.

சகோதரி விவரித்த இரண்டு இரவுகளும் யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட அந்நூலின் ஷப்பாத் பகுதியில், 16ஆம் அதிகாரத்தின் இறுதியில், இந்த விதி வருகிறது: யூதர் அல்லாத ஒருவர் தமக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதரும் பயன்படுத்தலாம், யூதருக்காக ஏற்றினால் பயன்படுத்தக் கூடாது. அவர் தம் கால்நடைக்காக நீர் இறைத்தால் மிச்சமுள்ள நீரை யூதர் தம் கால்நடைக்குக் காட்டலாம். யூதருக்காக இறைத்தால் கூடாது. தொடர்ந்து ஒரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. மிஷ்னா கால அறிஞரான ரப்பான் கம்லியேலும் மூத்தோர் சிலரும் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, யூதர் அல்லாத ஒருவர் தாம் இறங்குவதற்காகச் சாய்பலகை ஒன்றை அமைத்தார். அவர் இறங்கியபின் அவர்களும் அதன்வழியே இறங்கினார்கள். உங்கள் பாட்டி சமையலறைக்கு வந்து அமர்ந்ததும் அதே விதியின்படிதான். நீங்கள் உணவருந்த விளக்கைப் போட்டீர்கள். அந்த வேலை உங்களுக்காக நடந்து முடிந்துவிட்டது. ஒருவருக்கு எரியும் விளக்கு இன்னொருவருக்கும் கூடுதல் வேலையின்றி வெளிச்சம் தருகிறது. கூடத்தில் நீங்கள் போட்டது அவருக்காக. ஆகவே அந்த வெளிச்சத்தில் படித்தால், ஓய்வுநாளில் தமக்காகச் செய்யப்பட்ட வேலையின் பயனை அவர் அனுபவித்தவர் ஆவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அந்த அறையைவிட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிச்சம் இல்லாமலும் செய்யக்கூடியவற்றை, உதாரணமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதை, அவர் தொடர்ந்திருக்கலாம், படிப்பதுதான் ஆகாது. எழுந்து போனது அவருடைய சொந்தப் பேணுதல். உங்கள்மேல் வருத்தம் இல்லை என்பதைக் கையைத் தட்டிக்கொடுத்துக் காட்டியிருக்கிறார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இனி, விளக்கைப் போடுவது ஏன் வேலை என்று கேட்கலாம். மிஷ்னாவின் அதே ஷப்பாத் பகுதி, 7ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் விலக்கப்பட்ட 39 வகைச் செயல்களை வரிசைப்படுத்துகிறது. உழுதல், விதைத்தல் தொடங்கித் தைத்தல், எழுதுதல், தீ மூட்டுதல், தீயை அணைத்தல் என்று அது போகும். உடல் உழைப்பு எவ்வளவு என்பது அங்கே அளவுகோல் அல்ல. கனமான நாற்காலியை வீட்டுக்குள் நகர்த்தலாம், ஒரு தீக்குச்சியை உரசக் கூடாது. இழை கனன்று எரியும் பழைய மின்விளக்கைத் தீ மூட்டுதலின் கீழ் வைத்தார்கள். உலோகத்தைக் கனல வைப்பதும் அந்த வகையே என்பதற்கு 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதியது ஆதாரமாக இருந்தது. இழை இல்லாத மற்ற மின்கருவிகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு நீண்டது. ஹஸோன் இஷ் என்று அழைக்கப்பட்ட ப்னே ப்ராக் ரப்பி, மின்சுற்றை இணைப்பதே கட்டடம் கட்டுதல் என்னும் வகைக்குள் வரும் என்றார். எருசலேமின் ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுர்பாக் அந்த வாதத்தை ஏற்கவில்லை, ஆனால் நிலைபெற்றுவிட்ட வழக்கத்தை மீறக் கூடாது என்று கருதினார். காரணங்கள் வேறானாலும் நடைமுறை ஒன்றுதான் என்பதால், விசையைத் தொடுவதில்லை.

யூதர் தம் கையால் செய்யக் கூடாததை யூதர் அல்லாதவரிடம் சொல்லிச் செய்விப்பதும் விலக்கப்பட்டது. இது மோசேயின் ஐந்நூல்களான தோராவின் நேரடிக் கட்டளை அன்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்மூத் கால ஆசிரியர்கள் இட்ட வேலி. மைமோனிடிஸ் இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: பிறர் கையால் எல்லாம் நடந்துவிடும் என்றால் ஓய்வுநாள் மக்கள் கண்ணில் இலேசாகிவிடும், பின்பு தாங்களே செய்யத் துணிவார்கள். இந்த வேலி வெள்ளிக்கிழமைக்கும் நீளும். "இன்று இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடு" என்று வெள்ளிக்கிழமை பகலிலேயே சொல்லிவைப்பதும் ஆகாது. உங்கள் பாட்டி வாய் திறக்காமல் இருட்டில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான். உங்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற தயக்கமும் சேர்ந்து இருந்திருக்கலாம், ஆனால் கேட்பதற்கே சட்டம் இடம் தரவில்லை.

விலக்குகள் உண்டு. பராமரிப்புப் பணியில் இருப்பவர்களுக்கு அவைதான் மிகவும் தேவைப்படும். உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், படுக்கையில் விழுந்த நோயாளிக்காகவோ உடல் முழுதும் தளர்ந்து வருந்துபவருக்காகவோ யூதர் அல்லாதவரிடம் நேரடியாகவே கேட்டு வேலை செய்விக்கலாம் என்று ஷுல்ஹான் ஆரூக் கூறுகிறது. சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேஃப் காரோ எழுதி, 1565இல் வெனிஸ் நகரில் அச்சேறிய சட்டத்தொகுப்பு அது. இன்றும் எந்த விவாதமும் அதிலிருந்தே தொடங்குகிறது. கடுங்குளிரைப் பற்றி அதிலே ஓர் அழகான விதி இருக்கிறது: குளிரின்முன் எல்லாரும் நோயாளிகளே. ஆகையால் எருசலேமின் சனவரி இரவில் பாட்டி நடுங்கினால், சூடேற்றியைப் போடும்படி அவர் உங்களிடம் கேட்கலாம். நீங்கள் கேளாமலே போட்டாலும் அவர் அந்த வெப்பத்தை அனுபவிக்கலாம். காய்ச்சலில் கிடக்கும்போது அவருக்குச் சூடான சூப் வேண்டுமென்றால் அதுவும் அவ்வாறே. நலமாக இருக்கும் சனிக்கிழமையில், ஆறிப்போன சூப்பை அவருக்காக நீங்கள் அடுப்பில் வைத்தால் அவர் தொடமாட்டார்; குளிர்ந்துவிட்ட நீர்மத்தை மறுபடி சூடாக்குவது மறுபடி சமைப்பதே என்பது அஷ்கெனாசி யூதர்கள், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய வழிவந்தவர்கள், பின்பற்றும் கருத்து.


கொங்குமொழி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் நான் கேள்விப்பட்டவரை, யூத வீடுகளில் ஓய்வுநாளில் சாடையாகச் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள்; "இங்கே மிகவும் இருட்டாக இருக்கிறதே" என்று சொன்னால் வேலை செய்பவர் புரிந்துகொண்டு விளக்கைப் போட்டுவிட வேண்டும். சகோதரி அந்தச் சாடையைக் கவனிக்கத் தவறியிருக்கலாம் அல்லவா?


ஏட்டுச்சுவடி எழுதியது:

அன்பருக்கு வணக்கம். சாடை பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி, ஆனால் அந்த எடுத்துக்காட்டு பொருந்தாது. சாடையிலும் சட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. பேச்சு கட்டளையின் வடிவில் இருக்கிறதா, அல்லது நிலைமையைச் சொல்லும் கூற்றாக மட்டும் இருக்கிறதா என்பது முதற் கேள்வி. அந்தச் செயலிலிருந்து யூதருக்கு நேரடிப் பயன் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. "விளக்கு எரிவதால் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று பாட்டி சொல்லலாம். அது ஒரு கூற்று. நீங்கள் விளக்கை அணைத்தால் அவருக்குக் கிடைப்பது புதிய பொருளோ ஒளியோ அன்று, இடைஞ்சல் ஒன்று நீங்குவது மட்டுமே. ஆகவே நீங்கள் அணைக்கலாம், அவர் உறங்கலாம். "இருட்டாக இருக்கிறது" என்று சொல்லி நீங்கள் விளக்கைப் போட்டாலோ, அவருக்காகப் பிறந்த வெளிச்சத்தையே அவர் பயன்படுத்த வேண்டிவரும். சாடை அந்தத் தடையை நீக்காது.

இன்னொரு வழி நூலிலேயே இருக்கிறது. ஓய்வுநாள் முடிந்தபின், ஒரு வேலைநாளில், "போன ஷப்பாத்தில் அந்த விளக்கை ஏன் அணைக்கவில்லை?" என்று கேட்கலாம், அடுத்த வாரம் செய்ய வேண்டும் என்று கேட்பவர் புரிந்துகொண்டாலும் குற்றமில்லை. பாட்டி செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அப்படிக் கேட்டால், அதைக் குறைசொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வுநாளைப் பற்றி உங்களிடம் சொல்ல அவருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி அது.

சகோதரிக்கு நடைமுறையாக ஒன்று சொல்லலாம். உங்களுக்கு உண்மையாகவே வெளிச்சம் வேண்டியிருக்கும் இடத்தில் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அவர் மாத்திரை விழுங்குவதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், ஈரத் தரையில் நீங்கள் வழுக்கிவிடக் கூடாது, உங்கள் உணவை நீங்கள் உண்ண வேண்டும். இவையெல்லாம் உங்கள் தேவைகள். அவருக்காகப் போட்டுவிட்டு எனக்காகத்தான் என்று சொல்வது வேறு. அது அவருடைய நம்பிக்கையை அவர் அறியாமல் மீறச் செய்வது, அதைச் செய்யாதீர்கள்.


நாஞ்சில் செவிலி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பாட்டி மனம் புண்பட்டுத்தான் எழுந்து போனார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விளக்குச் செய்தி இப்போது தெளிவாகிவிட்டது. சமையலைப் பற்றியும் திராட்சை ரசத்தைப் பற்றியும் யாராவது எழுத முடியுமா? பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்று தனித்தனியே வைத்திருக்கும் பால் கரண்டியும் இறைச்சிக் கரண்டியும் கலந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


ஹைஃபா அக்கா எழுதியது:

தங்கைக்கு அன்பு. இரண்டு வழக்கத்தாரின் சமையலறைகளிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அந்தந்த வீட்டு ரப்பிகள் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

யூதர் அல்லாதவர் சமைத்த உணவை உண்ணக் கூடாது என்பது மிஷ்னா காலத்து விதி. பொருள்கள் எல்லாம் கோஷராக இருந்தாலும் இந்த விதி தனியே நிற்கும். உணவுக் கலப்பு திருமணக் கலப்பில் போய் முடியும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. அதை மறைத்துச் சொல்வதால் பயனில்லை. ஆனால் எல்லா உணவுக்கும் இது பொருந்தாது. பச்சையாகவே உண்ணக்கூடிய பொருளைச் சமைத்தால் தடையில்லை. அரசனின் விருந்தில் வைக்கும் தகுதி இல்லாத எளிய உணவுக்கும் தடையில்லை. ஆகையால் பழக்கூழ், காய்கறிக் கலவை, தேநீருக்கான வெந்நீர் இவற்றைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும்.

நீ கண்ட வேறுபாடு இங்கே வருகிறது. யோசேஃப் காரோவின் தீர்ப்பில், யூதர் பாத்திரத்தை அடுப்பில் வைக்க வேண்டும், அல்லது உணவு ஓரளவு வேகுவதற்கு முன் சமையலில் கைகொடுக்க வேண்டும்; ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் அதைப் பின்பற்றுகின்றன. போலந்தின் க்ராகோவ் நகரில் இருந்த ரெமா என்னும் மோசே இஸ்ஸர்லெஸ், காரோவின் ஷுல்ஹான் ஆரூக் நூலுக்கு எழுதிய குறிப்புகளில், யூதர் தீயை மூட்டினாலே போதும், எரியும் தீயைக் கொஞ்சம் கிளறிவிட்டாலும் போதும் என்றார். அஷ்கெனாசி குடும்பங்கள் அவர் வழி நடக்கின்றன. உன் பாட்டி காலையில் அடுப்பைப் பற்றவைப்பதும், மொராக்கோ குடும்பத்தினர் தாங்களே பாத்திரத்தைத் தூக்கி வைத்ததும் இந்த இரு தீர்ப்புகளின்படிதான். நடுவில் அடுப்பு அணைந்துவிட்டால் நீயே பற்றவைத்துச் சமையலைத் தொடராதே. பாட்டியை மறுபடி அழை. அவருக்கு நடப்பது சிரமம் என்றால், ஒரு சிறு அடுப்பைக் காலையிலிருந்து குறைந்த தீயில் எரியவிட்டு, அதிலிருந்து மற்ற அடுப்புகளைப் பற்றவைத்துக்கொள்ளலாமா என்று மகளிடம் கேட்டுப்பார். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

திராட்சை ரசத்தின் கதை இதைவிடப் பழையது. கோயில்களில் தெய்வங்களுக்கு மதுவை வார்த்துப் படைத்த காலத்தில், அப்படிப் படைக்கப்பட்ட மது வீட்டுக்குள் வரக் கூடாது என்று தொடங்கிய விலக்கு, பிறகு யூதர் அல்லாதவர் கையாண்ட எல்லாத் திராட்சை மதுவுக்கும் விரிந்தது. ஆனால் காய்ச்சப்பட்ட மதுவுக்கு இந்த விலக்கு இல்லை. புட்டியின் ஒட்டுச்சீட்டில் மெவுஷால் என்று எபிரேயத்தில் அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டதை நீ தாராளமாக ஊற்றலாம். மூடி திறக்காத புட்டி எதையும் கடையிலிருந்து வாங்கிவரலாம், எடுத்து அடுக்கலாம். திறந்திருக்கும் காய்ச்சாத மதுவை மட்டும் தொடாமல் இரு. மகள் புட்டியை வாங்கியபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது நடந்திருக்கிறது. இனிமேல் மெவுஷால் மது மட்டுமே வாங்கிவைக்கும்படி அவரிடம் சொல். விருந்து நேரத்தில் யாரும் யாரையும் தடுக்க வேண்டிய நிலை வராது.

கரண்டி கலந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, எதையும் கழுவாமல், எதையும் கொட்டாமல், நடந்ததை அப்படியே குறித்துவை. ரப்பி கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம்: பாத்திரத்தில் இருந்தது கை பொறுக்காத சூட்டில் இருந்ததா? அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலிலோ இறைச்சியிலோ பயன்பட்டு 24 மணி நேரம் ஆகிவிட்டதா? கரண்டி எவ்வளவு ஆழம் முங்கியது? பாத்திரத்தில் இருந்த உணவு அந்த அளவைப் போல 60 மடங்கு இருக்குமா? வெங்காயம், பூண்டு, மிளகாய் போன்ற காரமான பொருள் ஏதும் இருந்ததா? விடைகளைப் பொறுத்துச் சில நேரம் உணவும் பாத்திரமும் இரண்டுமே தப்பும், சில நேரம் உணவு மட்டும் தப்பும். பயந்து கழுவி வைத்துவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு விடையே இல்லாமல் போய், நல்ல பாத்திரம் ஒன்று வீணாகப் போகும். ஓய்வுநாளில் இப்படி நேர்ந்தால் அந்தப் பாத்திரத்தை ஓரமாக வைத்து மூடிவிடு. இரவு மகளிடம் சொல்லலாம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் மீனையும் இறைச்சியையும் ஒரே சட்டியில் சூடாக்கிவிடாதே. அது பால், இறைச்சி விதியோடு சேராத தனி வழக்கம், ஆனாலும் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து, இரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தபின் சட்டியில் ஊற்று.


மட்டுநகரான் எழுதியது:

உயிராபத்து பற்றி நான் சுருக்கமாக எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒருமுறை நான் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு ஓய்வுநாளில் மூச்சுத் திணறியபோது, அடுத்த வீட்டுக்காரர், நீண்ட அங்கியும் ரோமத் தொப்பியும் அணிந்த, கடுமையாகச் சமயம் பார்க்கும் ஹசிதியர் பிரிவைச் சேர்ந்தவர், தம் கையாலேயே என் தொலைபேசியை வாங்கி முகவரியைச் சொன்னார். யூதர் அல்லாத நான் பக்கத்தில் நிற்கும்போது அவர் ஏன் பேசினார் என்று எனக்கு அன்று புரியவில்லை. ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு அதன் காரணம் தெரிந்திருக்கும்.


ஏட்டுச்சுவடி எழுதியது:

அவர் செய்தது சட்டத்தின்படி சரியானது. ஆபத்தில் இருப்பவருக்காக ஓய்வுநாளின் விதிகளை மீறும்போது, அதை யூதர் அல்லாதவர் கையாலோ சிறுவர் கையாலோ செய்விக்காமல் வயது வந்த யூதர்களே செய்ய வேண்டும் என்று ஷுல்ஹான் ஆரூக் சொல்கிறது. பிறரை விட்டுச் செய்வித்தால், இது செய்யக் கூடாத ஒன்று என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் தங்கும். அடுத்த முறை பக்கத்தில் பிறர் எவரும் இல்லையென்றால் தயங்கி நிற்பார்கள், அதற்குள் உயிர் போய்விடும். விரைபவன் போற்றத்தக்கவன், ரப்பியைத் தேடிப்போய்க் கேட்டுக்கொண்டிருப்பவன் இரத்தம் சிந்துபவனுக்கு ஒப்பானவன் என்றும் அங்கே கடுமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. லேவியராகமம் 18ஆம் அதிகாரம், கட்டளைகளைச் செய்கிற மனிதன் அவற்றால் பிழைப்பான் என்கிறது. அவற்றால் சாவதற்கு அல்ல என்று தால்மூத் ஆசிரியர்கள் அந்த வசனத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, யூதர் யாரேனும் வந்து அழைக்கட்டும் என்று சகோதரி காத்திருந்துவிடக் கூடாது. அருகில் இருப்பவர் எவரோ அவரே முந்திக்கொள்ள வேண்டும். பாட்டியின் கழுத்தில் அவசர அழைப்புப் பொத்தான் தொங்குகிறது என்றால், அதை அவர் தாமே அழுத்துவதற்கும் தடையில்லை. முதியவர்களில் சிலர் அதைக்கூட அழுத்தத் தயங்குவார்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் அவருடைய ரப்பியின் வாயாலேயே அவரிடம் சொல்லவைப்பது நல்லது.


ஹைஃபா அக்கா எழுதியது:

ஐயா சொன்னது மிகவும் தேவையான செய்தி. தங்கையே, பொத்தான் பற்றி ரப்பியிடம் பேசுவது, ஷப்பாத் விளக்கு வாங்குவது, மெவுஷால் மது வைப்பது ஆகிய மூன்றையும் மகளிடம் ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிடு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எந்த யூத வீட்டிலும் தொலைபேசியில் நின்று நிதானமாகப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.